டபுள் ஷேடின் முதல் போணி

அந்தப் பாட்டுக்கு ஒரே காலையில் இரண்டு விலை சொல்லப்பட்டது. ஒன்று, ஒரு முழம் கதம்பம். இன்னொன்று, இருபத்தைந்து லட்சம் ரூபாய். இரண்டுமே நியாயமான விலை என்றுதான் தேவேந்திரன் இன்றைக்கும் சாதிப்பான். எதைச் சொல்வது என்பதை மட்டும் கேட்கிறவருடைய செருப்பைப் பார்த்து முடிவு செய்வான். காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் வளர்ந்தவனுக்கு அந்தப் பழக்கம் எப்படிப் போகும்?

கடை அவன் அப்பா முனிரத்தினத்துடையது. வீட்டில் மூன்று தறி ஓடியது, ரோட்டில் கடை நடந்தது. தேவேந்திரனுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே பேரம் வந்துவிட்டது என்பார்கள். பால் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து நடப்பானாம், யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டு இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போடுவார்கள் என்று.

1993-ல் அந்தக் கடைக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். தோள்வரை முடி, நெற்றியில் யாரோ அவசரமாக இழுத்துவிட்ட நாமம். மூன்று சேலை எடுத்தார். கையிலிருந்த பணம் இரண்டுக்குத்தான் காணும். மூன்றில் எதையும் கீழே வைக்க மனமில்லாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தன் பையைக் கவிழ்த்தார். காலால் மிதித்தால் கிட்டார் சத்தத்தை நெளியவும் குழையவும் வைக்கிற இரும்பு டப்பா இரண்டு விழுந்தன. கூடவே பத்துப் பதினைந்து கேசட். முனிரத்தினம் வாழ்நாளில் சரக்குக்குச் சரக்கு வாங்கியது அந்த ஒரு முறைதான். "அந்த ஆளு கண்ணு கலங்கிட்ச்சுபா. நான் இன்னா பண்றது?" என்று வீட்டில் சமாதானம் சொன்னார். ஆனால் மூன்றாவது சேலையை நஷ்டத்தில் எழுதினார். வருஷா வருஷம் புதுக்கணக்கு போடும்போது அதை ஒருமுறை வாய்விட்டும் சொல்வார், மகன் காதில் விழுகிற மாதிரி.

ஏனென்றால் மகன் அந்த டப்பாக்களை எடுத்துக்கொண்டுவிட்டான். கேசட்டுகளையும். முப்பது வருஷம் முன்னால் எங்கோ கடல் தாண்டி வாசித்த கிட்டார் குழுக்கள் அவை. பாட்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் போகாது. மெட்டு முதல் தடவையிலேயே வாயில் ஒட்டிக்கொள்ளும், கைதட்டல் இருக்கும், இரண்டு மூன்று குரல் சேர்ந்து பாடும். ஆனால் நடுவில் திடீரென்று தரை சாயும். கிட்டார் பின்னோக்கி ஓடும், சத்தத்துக்கு நிறம் முளைக்கும், பாட்டுக்குள் போனவனுக்கு வந்த வாசல் தெரியாது. தலையைச் சுற்றவைக்கிற இந்தச் சங்கதிக்கு சைக்கடெலிக் என்றும், இனிப்பான மெட்டை முரட்டுக் கிட்டாரில் போட்டு அடிப்பதற்குப் பவர் பாப் என்றும் பெயர் என்பதைத் தேவேந்திரன் பின்னால்தான் தெரிந்துகொண்டான். தெரிந்துகொள்வதற்கு முன்பே வாசிக்க ஆரம்பித்துவிட்டான்.

குழு 1996-ல் சேர்ந்தது. டிரம்ஸுக்கு யேசுதாஸ், பஸ் ஸ்டாண்டு பக்கம் எலக்ட்ரிக் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் டிரம்ஸ். பாதிரியார் இரண்டு முறை கூப்பிட்டு மெதுவாக அடிக்கச் சொல்லியிருந்தார். பேஸ் கிட்டாருக்கும் பாட்டுக்கும் கோதா. சின்ன காஞ்சிபுரத்துப் பெண், அப்பா சம்ஸ்கிருத வாத்தியார். வீணையில் காய்த்துப்போன விரல் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பிக்குப் பொருந்திக்கொண்டது. வருவதற்கு முன் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"வரதர் உற்சவம் பத்து நாளும் ப்ராக்டீஸ் கிடையாது. சம்மதமா?"

"பத்து நாளா? அஞ்சு வெச்சிக்கயேன்."

"பெருமாள்கிட்டயே பேரம் பேசறயாடா?"

"உங்கிட்டதான் பேசறேன். அவருகிட்ட அப்பா பேசிப்பாரு."

பத்து நாள்தான் என்று முடிந்தது. தேவேந்திரன் தோற்ற பேரங்கள் குறைவு. அதில் பாதி கோதாவிடம்.

பெயரும் கோதாவால்தான் வந்தது. நாம் வாசிப்பது என்ன ரகம் என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்ல என்று அவள் கேட்க, தேவேந்திரன் அலமாரியிலிருந்து ஒரு சேலையை உருவி வெளிச்சத்தில் பிடித்தான். பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடுகிற ஊடை வேறு நிறம். இந்தப் பக்கம் சாய்த்தால் பச்சை, அந்தப் பக்கம் சாய்த்தால் ஊதா. "நீளவாட்டுல இனிப்பு பாட்டு, குறுக்குவாட்டுல கிறுக்கு. டபுள் ஷேடு." யேசுதாஸ் சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கு இன்னா ஷேடு?" என்றான். "நீ கரைப்பா. அடிச்சா தாங்கணும்" என்றாள் கோதா, அவன் பேச்சிலேயே.

முதல் கச்சேரிக்கு ஒட்டிய நோட்டீஸில் 'காஞ்சியின் முதல் பவர் பாப்' என்று போட்டார்கள். கைத்தறி ஊரில் பவர் என்ற சொல்லைக் கொட்டை எழுத்தில் ஒட்டினால் என்ன ஆகும்? மறுநாளே நெசவாளர் சங்கத்திலிருந்து நான்கு பேர் வந்து கடை மாடியைச் சோதித்தார்கள். பவர்லூம் எதுவும் இல்லை. ஒரு டிரம்ஸும் மூன்று பேரும்தான் இருந்தார்கள். வந்தவர்கள் சந்தேகம் தீர இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, "கையாலதான் அடிக்கிறாங்கப்பா" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்கள். டபுள் ஷேடுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. அதைவிட நல்ல விமர்சனம் பின்னாலும் வரவில்லை என்பது யேசுதாஸின் கட்சி.

ஒத்திகை நடந்த மாடி, பட்டு நூல் வைக்கிற அறை. நாலு சுவரிலும் சாயம் போட்ட நூல் கட்டுகள் தொங்கும். பட்டு சத்தத்தைக் குடித்துவிடும். டிரம்ஸ் அடித்தால் அறைக்குள் எதிரொலி என்பதே இருக்காது. சென்னையில் லட்சம் செலவழித்து சுவருக்குப் பஞ்சு ஒட்டுகிறார்களாம். இவர்களுக்குச் சுவரெல்லாம் சுத்தப் பட்டு. அங்கேதான், பர்மா பஜாரில் வாங்கிய நாலு டிராக் ரெக்கார்டரில் அந்தப் பாட்டைப் பதிந்தார்கள்.

*நீ திரும்பினா பச்சை, நான் திரும்பினா ஊதா,*
*நடுவுல நின்னவன் கண்ணுக்கு ரெண்டும் தெரியாதா?*

பாதிப் பாட்டு பதிந்தபின் யேசுதாஸ் கேசட்டை எடுத்துத் துடைத்துவிட்டு, மாற்றித் திருப்பிப் போட்டான். ஓடவிட்டார்கள். அந்த ரெக்கார்டரில் கேசட்டைத் திருப்பினால் மறுபக்கம் வராது, அதே பாட்டு பின்னோக்கி வரும். தேவேந்திரனின் கிட்டார் வாலிலிருந்து தலைக்கு ஓடியது. ஒவ்வொரு ஸ்வரமும் மூச்சை உள்ளே இழுப்பதுபோல் வீங்கி வீங்கி மறைந்தது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த வெள்ளைக்காரரின் கேசட்டில் ஐந்து வருஷமாகக் கேட்டு, இதை எப்படிச் செய்தார்கள் என்று தேவேந்திரன் தலையை உடைத்துக்கொண்ட அதே சத்தம்.

"சாரிபா, மாத்தி போட்டுட்டேன். எடுத்துடவா?" என்றான் யேசுதாஸ்.

"கை வெச்சே, கையை ஒடிச்சிடுவேன்" என்றாள் கோதா. அப்படியே அதன் மேல் பாடினாள்.

1998 வைகாசியில் முந்நூறு கேசட் போட்டார்கள். அட்டை பச்சையும் ஊதாவும். பஸ் ஸ்டாண்டு டீக்கடை அந்தப் பாட்டை வாங்காமலேயே ஓட்ட ஆரம்பித்தது; யேசுதாஸ்தான் முன்கூட்டியே ஒன்றைக் கொடுத்திருந்தான். வாலாஜாபாத் ஷேர் ஆட்டோக்காரர்கள் காப்பி எடுத்துக்கொண்டார்கள். இன்னும் ஒன்றுகூட விற்கவில்லை, ஆனால் ஊர் முணுமுணுத்தது. தேவேந்திரனுக்குத் தலைகால் புரியவில்லை. கேசட்டுகளைக் கடை மேஜையில் அடுக்கினான். அதோடு விட்டிருக்கலாம். எந்த டேப்பில் பதிந்தார்களோ அந்த மூல டேப்பை, கல்யாணச் சேலை வைக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டு விரித்து, அதன்மேல் வைத்தான். ஊர் பார்க்கட்டும் என்று.

பட்டுக்கடைப் பிள்ளை செய்யக் கூடாத தப்பு அது. முனிரத்தினத்துக்கு இரண்டு விதி உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் போனது எதுவும் விற்பனைக்குத்தான்; காட்டுவதற்கென்று கடையில் சரக்கு கிடையாது. இரண்டாவது, போணி. நாளின் முதல் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அவர் கேட்கிற சரக்கு, அவரால் ஆன விலை. தாமலிலிருந்து ஒரு விவசாயி விடிந்ததும் வந்து, பாதி விலையில் மகளுக்கு முகூர்த்தச் சேலை வாங்கிக்கொண்டு போனது ஊரறிந்த கதை. "மொத ஆளை சும்மா அனுப்பிட்டா சாயங்காலம் வரைக்கும் கல்லா அழுவும்" என்பார்.

ஊரறிந்த கதை ஊருக்கு வெளியிலும் தெரிந்திருந்தது. வரதர் உற்சவத்தில் கருட சேவைக்கு மனைவியோடு வந்த தனசேகரன் சென்னையில் கேசட் கம்பெனி நடத்துகிறவர். டீக்கடையில் பாட்டைக் கேட்டுவிட்டு, விசாரித்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தார்.

"தம்பி, அஞ்சாயிரம். டேப்பு, ட்யூனு, எல்லா உரிமையும். சினிமாவுக்குக் குடுப்பேன், விளம்பரத்துக்குக் குடுப்பேன். உங்க பேரு எங்கயும் வராது. கஷ்டமில்லாத காசு."

"பேரு வராதுன்னா?"

"டபுள் ஷேடுன்னு ஒண்ணு இருந்ததே இல்லைன்னு அர்த்தம்" என்று சிரித்தார்.

தேவேந்திரன் நாளைக்குச் சொல்கிறேன் என்றான். மாட்டேன் என்று சொல்வதற்குத்தான் ஒரு நாள் கேட்டான். உடனே மறுத்தால் மரியாதையில்லை என்பது கடைப் பழக்கம். தனசேகரன் போகிற போக்கில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். அவருடைய மனைவி பல வருஷமாக இந்த ரோட்டில் விடிகாலையில் வந்து சேலை வாங்குகிறவர்.

மறுநாள் காலை யேசுதாஸ் கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தான். முன்தினம் மறந்துவிட்டுப் போன கேபிளை எடுக்க வந்தவன், கடைப் பையன் வராததால் மாட்டிக்கொண்டான். கோதா கோவிலிலிருந்து பிரசாதத் தொன்னையோடு வந்திருந்தாள். ஷட்டருக்கடியில் குனிந்து தனசேகரன் உள்ளே வந்தார். கண்ணாடிப் பெட்டியின் மேல் விரலை வைத்து, கல்லாவில் இருந்த முனிரத்தினத்தைப் பார்த்தார்.

"முதலாளி, இன்னைக்கு முதல் கஸ்டமர் நான்தானே? இந்த டேப்பு வேணும், உரிமையோட. ஐந்நூத்தி ஒண்ணு தரேன்."

பக்கத்தில் நின்ற தேவேந்திரன் மனசுக்குள் கணக்குப் போட்டான். நேற்று ஐயாயிரம், இன்றைக்கு ஐந்நூற்றொன்று. ஆள் விலையைக் கீழே இறக்கியதைப் பார்த்தே அவருக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்தது. பெட்டிக்குள் இருக்கிறது, விரலும் வைத்தாகிவிட்டது. இனி உள்ளேயிருந்து எடுத்தால் அப்பா முப்பது வருஷம் காப்பாற்றின வார்த்தை போச்சு. எடுக்காவிட்டால் டபுள் ஷேடு என்று ஒன்று இருந்ததே இல்லை.

அவன் அப்பாவைப் பார்த்தான். முனிரத்தினம் தனசேகரனைப் பார்க்கவில்லை. கல்லாவுக்கு மேலே ஏகாம்பரநாதர் படத்தையும், அதற்குக் கீழே காலியாக இருந்த ஆணியையும் பார்த்தார்.

"ஒக்காருங்க சார். சாமிக்கு இன்னும் பூ வரல. விளக்கேத்தாம கடை தெறந்ததா கணக்கில்ல."

"பூ வரட்டும். நான்தான் முதல்ல கேட்டேன்."

"கேட்டது கணக்கில்ல சார். விளக்கேத்தினப்புறம் கைமாறணும். அதான் போணி."

கருட சேவைக்கு மறுநாள் ஊரில் பூ கிடைக்குமா? இருந்த பூவெல்லாம் முன்தினமே கோவிலுக்கும் வீதிக்கும் போய்விட்டிருந்தது. தினமும் கடைக்குப் பூ கொடுக்கிற இந்திராணி ரொம்ப நேரம் கழித்து, கால் கூடைப் பூவோடு, ஊரையே திட்டிக்கொண்டு வந்தாள். "ஒரு பூ இல்லபா மார்க்கெட்டுல. எல்லாம் பெருமாளே எடுத்துக்கினாரு."

முனிரத்தினம் பூவை வாங்கிப் படத்துக்குச் சாத்தினார். தீப்பெட்டியை எடுத்தார். தேவேந்திரன் இந்திராணியின் வழியை மறித்து நின்றான்.

"அக்கா, கேசட் ஒண்ணு வாங்கிக்கிறியா?"

"எனக்கு இன்னாத்துக்குபா? என் வூட்ல டேப்பே இல்ல."

தனசேகரன் எழுந்தார். கோதா தொன்னையோடு குறுக்கே வந்துவிட்டாள். "மாமா, நேத்து சேவை கிடைச்சுதோ? எந்தப் பக்கம் நின்னேள்? பிரசாதம் எடுத்துக்கோங்கோ." பிரசாதத்தை நீட்டுகிற பெண்ணிடம் நகரு என்று சொல்ல எந்த வியாபாரிக்கு வாய் வரும்? கையை நீட்டி வாங்கி, அவசரமாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"உன் பொண்ணு வூட்ல டேப்பு இருக்குதுன்னியே அக்கா?"

"இருக்குது. அந்தப் பச்சை ஊதா பாட்டா? டீக்கடைல தெனம் கத்திக்கினு இருக்குதே, அதா?" இந்திராணி கேசட்டை முன்னும் பின்னும் திருப்பினாள். "எவ்ளோ?"

"நீயே சொல்லு."

இந்திராணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தக் கடை வாசலில் அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. "இன்னாபா, ஒடம்பு சரியில்லையா? விலை சொல்ற ஆளு நீ."

"இருபத்தஞ்சு."

"பாட்டுக்கா? ரேடியோல சும்மா பாட்றானே!" என்று கேசட்டைத் திரும்ப மேஜையில் வைத்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தேவேந்திரன் ஆயிரம் பேரை அப்படி நடக்கவிட்டுக் கூப்பிட்டிருக்கிறான். கூப்பிடாமல் விட்டால் தானே திரும்பி வருவார்கள் என்றும் தெரியும். ஆனால் அப்பா கையில் தீக்குச்சி உரசியாகிவிட்டது. சும்மா கொடுக்கவும் முடியாது. சும்மா கொடுத்தது போணியாகாது.

"அக்கா! பூவுக்குக் குடு. கூடைல இருக்கறதுல ஒரு மொழம்."

"ஒரு மொழமா? இன்னிக்கு மொழம் இன்னா விலை தெரியுமா உனுக்கு?"

"பாட்டு இன்னா விலைன்னு உனக்குத் தெரியுமா?"

விளக்கு எரிந்தது. "முதலாளி, நான்..." என்று தனசேகரன் வாயைத் திறந்தார். யேசுதாஸ் மீதி ஷட்டரைத் தூக்கினான். தூக்கினான் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. அந்த இரும்பு ஷட்டரை அவன் மேலும் கீழுமாக நாலு சுற்று ஓட்டிய ஓட்டில் ரோட்டில் போன மாடு நின்று பார்த்தது. பாதிரியார் மெதுவாக அடிக்கச் சொன்ன கை அது. அன்றைக்கு யாரும் மெதுவாக என்று சொல்லவில்லை.

அந்த இரைச்சலுக்குள் இந்திராணி கதம்பத்தை முழங்கையில் வைத்து அளந்தாள். அளந்து அறுத்தவள், தேவேந்திரன் முகத்தில் என்ன கண்டாளோ, இன்னும் ஒரு சாண் விட்டு அறுத்தாள். "கொசுறு. நல்லாதான் பாடுது அந்தப் பொண்ணு." பூ இந்தப் பக்கம் வந்தது, கேசட் அந்தப் பக்கம் போனது. முனிரத்தினம் கதம்பத்தைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றி, கல்லாவுக்குள் போட்டார்.

"போணி ஆயிட்ச்சு" என்றார்.

ஷட்டர் நின்றது. தனசேகரன் காதைத் தடவிக்கொண்டே ஐயாயிரத்துக்குத் திரும்பினார். கேட்பாரில்லை என்றதும் பத்தாயிரத்துக்கு ஏறினார்.

"அது விலைக்கில்ல சார்" என்றான் தேவேந்திரன்.

"யாரு சொன்னது?" என்று முனிரத்தினத்தின் குரல் கேட்டது. "கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்குது. விலைக்குத்தான். எழுதிக்கோங்க சார். இருபத்தஞ்சு லட்சம்."

தேவேந்திரனுக்கு அப்பாவைத் திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் மாடியிலிருந்து வந்ததை அவர் சத்தம் என்றுதான் சொல்லியிருக்கிறார். பாட்டு என்று ஒருமுறைகூட இல்லை.

"ஒரு பாட்டுக்கு இருபத்தஞ்சு லட்சமா?" தனசேகரனுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. "பேரம் உண்டா?"

"போணிக்கு முன்னாடின்னா உண்டு. இப்ப கடை இஷ்டம்." முனிரத்தினம் மேஜைத் துணியை நீவிவிட்டார். "அந்த டேப்புல என் புள்ள வாசிச்சிருக்கான். இன்னா சொன்னாலும் குறையாது. வேற சேலை காட்டட்டுமா? அம்மாவுக்கு அரக்குல ஒண்ணு வந்திருக்குது."

தனசேகரன் அன்றைக்கு அரக்குச் சேலை ஒன்றை முழு விலைக்கு வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கடையிலிருந்து யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது இல்லையா?

அதற்குப் பிறகு டபுள் ஷேடு ஆறு வருஷம் வாசித்தது. கல்லூரி விழாக்களில் வாசித்தது. தென்னேரி ஏரிக்கரையில் ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்து, பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையை விட்டு எழுந்து வந்து ஆடினார்கள். திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு வீட்டு விழாவுக்கு, மெதுவாக வாசிக்க வேண்டும் என்று முன்பணத்தோடு சொன்னார்கள். யேசுதாஸ் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சத்தமாக வாசித்தான். 2004-ல் அவன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான், கோதா புனேவுக்குக் கல்யாணமாகிப் போனாள். வேறு டிரம்ஸ்காரரை வைத்து ஓட்டலாமே என்று பலர் சொன்னார்கள். கரை இல்லாமல் சேலையா என்று தேவேந்திரன் கேட்டுவிட்டான். உடையவில்லை, சண்டையில்லை, கடன் வாங்கவில்லை, ஒரு பாட்டையும் பெயரில்லாமல் விற்கவில்லை. எத்தனை குழுக்கள் அப்படிச் சொல்ல முடியும்?

மூல டேப் இன்றைக்கும் அதே பெட்டியில் இருக்கிறது. விலை குறையவில்லை. சேலை எடுக்க வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். தேவேந்திரன் முதலில் செருப்பைப் பார்ப்பான், பிறகு விலையைச் சொல்வான், பிறகு கேட்காமலேயே பாட்டைப் போடுவான்.

2004-ல் குழு நின்றதும், புதுக்கணக்கு அன்றைக்கு முனிரத்தினம் மகனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார்.

பாட்டு, பதினொன்று. எல்லாம் சொந்தச் சரக்கு.

கேசட் முந்நூறு. விற்றது இருநூற்று எண்பத்தொன்பது. டீக்கடைக்கு இனாம் ஒன்று. ஆளுக்கு மூன்றாக வீட்டில் ஒன்பது. கடைக்கு ஒன்று.

வெள்ளைக்காரர் எடுத்துப்போன மூன்றாவது சேலை, பதினொரு வருஷ நஷ்டம். அடித்துவிட்டு முதலீட்டில் சேர்க்கவும்.

முதல் போணி, கதம்பம் ஒரு முழம். வரவாயிற்று.

இந்திராணி விட்ட கொசுறு ஒரு சாண். பாக்கி.